பனிமலையில் பொலிஸ் இல்லை

அம்மா,

பூசையால் வந்ததும் சாப்பிடுங்கோ. பாரை மீன் குழம்பு அடுப்பில் இருக்கிறது. நான் நானாட்டான் கந்தோருக்கு வேலைக்குப் போறன்.

மத்தியானம் சுவிஸிலிருந்து தம்பி போன் எடுப்பான். இன்றைக்கு அவனுக்கு லீவு. திரும்பவும் வெறுந்தலையோடு பனியில் சறுக்கப் போறானாம். நேற்று நான் கத்தினது அதற்குத்தான். "கம்பஸ் படிச்ச அக்கா பனியை எங்கை கண்டவ?" என்று நக்கல் வேறு. பனியை நான் கண்டதில்லைத்தான். மண்டை உடைந்தால் என்னாகும் என்று தெரியும். ஹெல்மெட் போட்டவனுக்கும் கால் முறியுது என்கிறான். முறியட்டும், கட்டுப் போடலாம்.

இங்கே மோட்டார் சைக்கிளில் போகேக்கையும் தள்ளாடிச் சந்தியில் பொலிஸைக் கண்டால் மட்டும் ஹெல்மெட்டைக் கவிழ்த்தவன். பனிமலையில் பொலிஸ் நிற்காது.

உங்களுக்குச் சொல்லாதே என்றான், சொல்கிறேன். அவனோடு ஹோட்டல் குசினியில் சமையல் வேலை செய்கிற பெடியன் போன கிழமை சறுக்கப் போய், மரத்தில் தலை அடிபட்டு விழுந்தவன். இன்னும் கண் திறக்கவில்லை.

என் பேச்சு அவனிடம் எடுபடாது. இங்கிருந்து என்னால் ஒன்றும் செய்ய ஏலாது. நீங்கள் ஒவ்வொரு நாளும் போனில் தெரிகிற அவன் நெற்றிக்குச் சிலுவை போடுறியள், அது போதுமாம் அவனுக்கு. இன்றைக்குப் போடாதேங்கோ. ஹெல்மெட்டோடு வந்து நின்றால்தான் போடுவன் என்று சொல்லுங்கோ. அழாமல் சொல்லுங்கோ.

றொஷேல்

போன் சார்ஜில் கிடக்கு, கழற்றாதேங்கோ.

நேற்றையதுக்கு நான் மன்னிப்புக் கேட்கமாட்டன். மலையால் இறங்கினதும் எனக்கு ஒரு போன் கோல் அடிக்கச் சொல்லுங்கோ. எடுத்துக் கதைக்கமாட்டன். மணி அடித்தாலே எனக்குக் காணும்.