கடைசித் தொட்டித் தண்ணீர்

ஜூன் 3, 2025 – செவ்வாய்

எங்கள் மேனேஜர் கிங்ஸ்லி சார் காலை பத்து மணிக்குத் தண்ணீர் மாதிரி எடுக்கச் சொன்னார். பன்னிரண்டு மணிக்கு ரிப்போர்ட் கேட்டார். தண்ணீரில் எவ்வளவு அழுக்கு என்று காட்டுகிற பி.ஓ.டி. பார்க்க ஐந்து நாள் ஆகும் என்று இந்த மூன்று வருஷத்தில் நூறு தடவையாவது சொல்லியிருப்பேன். "அது தெரியும் முஃபீதா. போன மாச நம்பரையே கொஞ்சம் மாத்திப் போட்டுரு. எட்டு, ஒம்பது, அதுக்குள்ள இருக்கட்டும்."

போட்டேன். கையெழுத்தும் போட்டேன். எட்டு புள்ளி நாலு. அந்தப் புள்ளி நாலு எங்கிருந்து வந்தது? புள்ளி வைத்தால் உண்மை மாதிரித் தெரிகிறது. நிஜமாக அளப்பதை வேறொரு நோட்டில் எழுதி என் மேஜைக்குள் வைத்திருக்கிறேன். யாருக்காக என்று தெரியவில்லை.

மூன்று ஊர்ச் சாக்கடை எங்கள் நிலையத்துக்குள் வருகிறது. சுத்தமாகித் தாமிரபரணிக்குப் போக வேண்டும். அதற்குத்தான் கம்பெனிக்கு முப்பது வருஷ ஒப்பந்தம். அழுக்கைத் தின்கிற கிருமிகளுக்குக் காற்று ஊத மூன்று மெஷின் இருக்கிறது. கரண்ட் மிச்சம் என்று ஒன்றுதான் ஓடுகிறது, அதுவும் யாராவது பார்க்க வரும் நாளில். மற்ற நாளில் உள்ளே வந்த நிறத்திலேயே வெளியே போகிறது. கடைசித் தொட்டி பக்கத்தில் பச்சை எழுத்தில் போர்டு: 'ஆற்றுக்கே திருப்பித் தருகிறோம்.' ஆமாம். தருகிறோம்.

ஜூன் 5

நாளை மறுநாள் பெருநாள். மூன்று தடவை சோப்புப் போட்டுக் கையைக் கழுவிவிட்டுத்தான் மாவு பிசைந்தேன். வாடை போகவில்லை. இல்லை, மூக்கிலேயே தங்கிவிட்டதோ.

ஜூன் 12 – வியாழன்

24ஆம் தேதி முதலீட்டுக்காரர்கள் வருகிறார்கள். நானூறு கோடி போடப் போகிறார்களாம். இங்கே இன்னொரு நிலையம். அதோடு ஆற்றங்கரை உறைகிணற்றிலிருந்து ராதாபுரம் பக்கம் அறுபது கிராமத்துக்குக் குடிதண்ணீர்க் குழாய். சார் சுவரில் வரைபடம் காட்டினார். உறைகிணறு எங்கே இருக்கிறது? எங்கள் கழிவு ஆற்றில் விழுகிற இடத்துக்கு அரை கிலோமீட்டர் கீழே. எல்லாரும் தலையாட்டினார்கள். நானும்தான்.

கடைசித் தொட்டியில் கலர் மீன் விட வேண்டுமாம். மீன் நீந்துவதைப் பார்த்தால் ஒருவரும் ரிப்போர்ட் படிக்க மாட்டார்கள் என்கிறார்.

ஜூன் 14 – சனி

பம்ப் ஆபரேட்டர் இசக்கி அண்ணாச்சி பாளையங்கோட்டையில் இருபது மீன் வாங்கிவந்தார். பதினோரு மணிக்கு விட்டோம். மூன்று மணிக்கெல்லாம் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. அவர் வலை போட்டு அள்ளினார்.

"அவங்க வார அன்னைக்குப் பத்து மணிக்கு விட்டா, போற வரைக்கும் உசிரோட கெடக்குமான்னு சார் கேக்காங்க மேடம்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ரெண்டு மணி நேரம் தாங்கும்னேன்."

நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். எதற்குச் சிரித்தேன்? வீட்டுக்கு வந்த பிறகு அதுதான் அருவருப்பாக இருக்கிறது.

ஜூன் 17 – செவ்வாய்

சனிக்கிழமை யாரும் சொல்லாமலேயே உறைகிணற்றுத் தண்ணீர் எடுத்து வைத்திருந்தேன். இன்று முடிவு வந்தது. மலக்கிருமி. கொஞ்சநஞ்சமில்லை.

அண்ணாச்சியிடம் சொன்னேன். அவருக்கு ஊர் ராதாபுரத்துக்குத் தெற்கே.

"எங்க ஊருக்குப் பத்து நாளைக்கு ஒருக்க லாரி வருது மேடம். எம் பொண்டாட்டி கொடத்த வச்சிக்கிட்டு வெயில்ல நிக்கா. இப்பம்தான் குழாய் வருதுன்னு சொல்லுதாங்க. நீங்க ஒண்ணும் பேசிராதீங்க."

"அந்தக் குழாயில என்ன வரும்னு தெரிஞ்சுமா அண்ணாச்சி?"

"கொதிக்க வச்சிக் குடிச்சிக்கிடுதோம்."

என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. தண்ணீர் இல்லாத மனுஷனை இப்படிப் பேச வைத்தவர்கள் மேல்தான்.

ஜூன் 20 – வெள்ளி

என்னைக் கட்டிய மச்சானிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கடையில் உட்கார்ந்து யாருடைய போனையோ கழற்றிப் போட்டிருந்தார். கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"வேலைய விட்டுரு புள்ள."

"நான் விட்டா வேற ஒருத்தி வந்து கையெழுத்துப் போடுவா."

"நீ போடலைல்லா. அது போதும்."

அவருக்குப் போதும். எனக்குப் போதவில்லை. போதவில்லை என்று எழுதுகிறேனே தவிர, நாளைக்கு வேலைக்குப் போகத்தான் போகிறேன்.

ஜூன் 23

மூன்று மெஷினும் ஓடுகின்றன. ஒரு நாள் காற்றில் ஒன்றும் ஆகாது. இந்தச் சத்தத்தில் யார் பேசுவதும் யாருக்கும் கேட்கவில்லை. நல்லது.

ஜூன் 24 – செவ்வாய்

எட்டுப் பேர் வந்தார்கள். பந்தல், மாலை, பிரியாணி.

காலையிலேயே சார் கண்ணாடி ஜக்கை என் கையில் கொடுத்தார். "கேன் தண்ணிய ஊத்தி, தொட்டி பக்கத்துல மேஜைல வை. நான் குடிச்சிக் காட்டணும்." வைத்தேன். இதை எழுதாமல் விடக் கூடாது. நான்தான் ஊற்றினேன், நான்தான் கொண்டுபோய் வைத்தேன்.

குடித்துக் காட்டினார். கைதட்டினார்கள். தொட்டியில் மீன்கள் இன்னும் ஓடிக்கொண்டிருந்தன. வந்தவர்களில் ஒரு அம்மா, சென்னைக்காரர், ஐம்பது வயதிருக்கும். "நானும் குடிக்கிறேன்" என்று டம்ளரை எடுத்தார். ஜக்கைத் தொடவில்லை. நேரே தொட்டிக்குப் போய்க் குனிந்து முகந்தார். மற்றவர்கள் படம் பிடிக்கப் போனை எடுத்தார்கள்.

நான் சாரைப் பார்த்தேன். தடுத்துவிடுவார் என்று நினைத்தேன். ஏதாவது ஒரு சாக்கு – குளோரின் கூடப் போட்டிருக்கிறது என்றாவது சொல்லியிருக்கலாம். அவர் சிரித்த முகம் மாறாமல் நின்றார். அண்ணாச்சி தரையைப் பார்த்தார். டம்ளர் உதடு வரைக்கும் போய்விட்டது.

"குடிக்காதீங்க."

என் குரல்தான். அந்த அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்திருந்தேன். தண்ணீர் அவர் சேலையில் கொட்டிவிட்டது.

"ஏன்?"

"அது சாக்கடைத் தண்ணி மேடம்."

"அப்போ இவர் குடிச்சது?"

"கேன் தண்ணி. நான்தான் ஊத்தினேன்."

அவர் டம்ளரில் மிச்சம் இருந்ததை முகர்ந்து பார்த்துவிட்டு மேஜையில் வைத்தார். "ரிப்போர்ட்ல இருக்கிற நம்பர்?" என்று கேட்டார். அளக்காமல் எழுதியது என்றேன். அளந்த நோட்டைக் கொண்டுவந்து கொடுத்தேன். நின்றபடியே ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுத்துக்கொண்டார், உறைகிணற்றுப் பக்கத்தையும் சேர்த்து.

பிரியாணி சாப்பிடாமலேயே கிளம்பிவிட்டார்கள். சார் என்னிடம் கத்தவில்லை. "ஒரு வாய் குடிச்சா செத்தா போயிருவா?" என்றார். அவ்வளவுதான்.

லேபுக்குள் போய் ஜக்கைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன்.

ஜூன் 26

வேலையை விட்டு நீக்கிக் கடிதம். காரணம்: பதிவேட்டில் பொய்யான அளவுகளை எழுதியது. கம்பெனி எழுதியதில் நான் பார்த்த முதல் உண்மை.

ஜூலை 21 – திங்கள்

இசக்கி அண்ணாச்சி போன் செய்தார். திட்டப் போகிறார் என்று நினைத்துத்தான் எடுத்தேன்.

முதலீட்டுக்காரர்கள் ஓடிப் போகவில்லையாம். என் நோட்டைக் காட்டி, இவ்வளவு குறை இருக்கிறதே என்று பேசி, கம்பெனியை மலிவாக வாங்கிவிட்டார்களாம். ஊர் நாற்றம் அவர்களுக்குத் தள்ளுபடி. அந்தக் கையைத்தான் நான் பிடித்துத் தடுத்தேன்.

உறைகிணறு மட்டும் புதிதாகக் கழிவு விழுகிற இடத்துக்கு மேலே தோண்டப் போகிறார்கள்.

"நம்ம கழிவு?"

"அது அங்கனயேதான் விழுது மேடம். அடுத்த வருசம் பாப்போம்னு சொல்லுதாங்க. கிங்ஸ்லி சாருக்கு இப்பம் மூணு மாவட்டப் பொறுப்பு குடுத்திருக்காங்க."

பிறகு பைய கேட்டார். "எங்க ஊருக்கு நல்ல தண்ணி வரும்லா மேடம்?"

"கிணறு மேல போச்சுன்னா வரும் அண்ணாச்சி."

"அன்னைக்கு நான் கீழ பாத்துக்கிட்டு நின்னேன்" என்றார். போனை வைத்துவிட்டார்.

நவம்பர் 8 – சனி

கல்லூரி லேபில் தற்காலிக வேலை. சனிக்கிழமைகளில் யார் தண்ணீர் கொண்டுவந்தாலும் பார்த்துக் கொடுக்கிறோம். மழை பிடித்ததிலிருந்து கூட்டம். இன்று பன்னிரண்டு பாட்டில்.

கடைசியாக வந்தவர் பாட்டிலைத் துணிப்பைக்குள்ளிருந்து எடுத்தார். "ரெண்டு பிள்ளைக்கும் நாலு நாளா வயித்தால போகுது. குழாத் தண்ணிய பாத்துச் சொல்லணும்." விலாசம் கேட்டேன். எங்கள் கழிவு விழுகிற இடத்துக்குக் கீழே, ஆற்றிலிருந்து குழாய் வருகிற தெரு. சொன்னதும் நிமிர்ந்து பார்த்தேன். கிங்ஸ்லி சாரின் மனைவி. அவருக்கும் என்னைத் தெரிந்தது.

"சார் என்ன சொல்லுதாங்க?"

"ரிப்போர்ட்லாம் நல்லா இருக்குங்காங்க." பையை மடித்துக்கொண்டே இருந்தார். "நான் இங்க வந்தது அவங்களுக்குத் தெரியாது."

பாட்டிலை வாங்கி வைத்தேன். மேலே சீட்டு ஒட்ட வேண்டும்.

"என்ன பேரு எழுத?"

யோசித்தார்.

"சின்னவ பேர எழுதுங்க."

எழுதினேன்.