நான் பிடுங்கிய கஞ்சி டம்ளர்

தாயில்லாத என் பசியை முகம் பார்த்தே அறிந்த அண்ணிக்கு,

போன வாரம் தஞ்சோங் காராங் கடையில் ஞாயிறு பத்திரிகை வாங்கினேன். அறிவியல் பக்கத்தில் மீன் எண்ணெய் இதயத்துக்கு நல்லது என்று ஒரு செய்தி. அதன் கீழே இன்னொன்று: வயிற்றுப்போக்கில் வற்றிப்போகும் பிள்ளைக்கு அரிசிக் கஞ்சியில் அளவாக உப்புப் போட்டுக் கொடுத்தால் உயிர் தப்புமாம். ஆராய்ச்சி செய்து கண்டுபிடித்திருக்கிறார்களாம், அண்ணி.

உங்கள் அடுப்பில் அது என்றைக்கோ கொதித்தது.

அப்போது உங்கள் குமரனுக்கு ஒன்றரை வயது, வயிற்றுப்போக்கு நிற்கவில்லை. தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெசர் வந்து பார்த்து, "தண்ணி, கஞ்சி ஒண்ணும் குடுக்காத. வயிறு காயட்டும்" என்றார். அவர் போனதும் நீங்கள் உப்புப் போட்ட கஞ்சியை ஆற்றினீர்கள். "அவரு சொன்னாரு, சரி. பிள்ள நாக்கப் பாரு சரசு, காஞ்சு கெடக்கு லா." நம் லயத்து வீடுகளில் புத்தகம் படிக்கிறவள் நான் ஒருத்திதானே. என்னிடமிருந்த பழைய சுகாதாரப் புத்தகமும் டிரெசர் பக்கம்தான் பேசியது. இரண்டு கரண்டி உள்ளே போயிருந்தது. மிச்சம் இருந்த டம்ளரை உங்கள் கையிலிருந்து பிடுங்கி வாசலில் கொட்டினேன்.

அந்த நாட்களில் நான் எழுதிவைத்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. எத்தனை முறை போனான், என்ன கொடுத்தோம் என்று விடாமல் எழுதியிருக்கிறேன். 'காலை, கஞ்சி இரண்டு கரண்டி, கண் திறந்தான்.' அடுத்த வரி, 'கஞ்சி நிறுத்தப்பட்டது.' மறுநாள் மதியத்துக்கு மேல் எழுத ஒன்றுமில்லை.

அந்த இரண்டு கரண்டிதான் பிள்ளையைக் கொன்றது என்று லயமே பேசியது. ஆடியில் கோயிலில் கூழ் ஊற்ற அகப்பையோடு நின்றீர்கள். "அவ கையால வேணாம்டி" என்று பெண்கள் சட்டியைத் தலைப்பில் மறைத்துக்கொண்டு அடுத்த அண்டாவுக்குப் போனார்கள். உங்களுக்கும் கேட்டது. பக்கத்தில் நின்ற எனக்கும் கேட்டது. நான் ஏன் வாய் திறக்கவில்லை? கஞ்சியைப் பிடுங்கியவள் நான் என்று, போன வருஷம் கண் மூடும்வரை நீங்களும் சொல்லவில்லை. என்னைக் காப்பாற்றினீர்களா, பேச லாயக்கில்லாதவள் என்று விட்டுவிட்டீர்களா?

அண்ணன் இப்போது ரவாங்கில் தொழிற்சாலை வேலையில் இருக்கிறார். செய்தியைக் காட்டினேன். "பேப்பர்ல போட்டா எம்புள்ள எழுந்து வருவானா?" என்று மடித்துக் கொடுத்துவிட்டார். டிரெசரிடமும் காட்டினேன். "அப்ப அதான் ரூல்மா. இப்ப மாறிப்போச்சு" என்று கண்ணாடியைத் துடைத்தார். அவருடைய ரூல் மாறிவிட்டது. உங்கள் மேல் விழுந்த பழி மாறவில்லை.

ஆத்தாளிடம் தினமும் விளக்கேற்றிச் சொல்கிறேன். எல்லாம் அறிந்தவளிடம் சொல்வதில் எனக்கென்ன கஷ்டம்? கேட்க வேண்டியவர்கள் கூழுக்கு வரிசையில் நிற்பவர்கள்.

வருகிற ஆடியில் உங்கள் அகப்பையை நான் பிடிப்பேன். முதல் சட்டிக்கு ஊற்றும் முன் அந்தச் செய்தியையும், பிறகு நோட்டின் அந்த இரண்டு வரிகளையும் உரக்கப் படிப்பேன்; நிறுத்தியவள் நான் என்று சொல்வேன். என் கையால் வேண்டாம் என்று அவர்கள் போனால், காலியாகாத அண்டாவோடு அங்கேயே நிற்பேன், நீங்கள் நின்றதுபோல.

உங்கள் சோற்றில் வளர்ந்த நாத்தனார்,
குமரனின் அத்தை,
சரசு
கோல சிலாங்கூர்