மலைக்குத் தெரிகிற வெளிச்சம்

ஜனவரி 18, சனி

மணிமேகலையை மலை பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்தேன். என் தங்கச்சி அமுதவல்லிக்கு ஒரே பெண். வத்தல்மலையில் நர்ஸ் வேலை கிடைத்துப் போய் இரண்டு மாதம்கூட ஆகவில்லை. பொங்கலுக்கு வந்தவள், திரும்பிப் போக மனசில்லாமல் பையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள்.

"பொழுது சாஞ்சா பாறை மேல நின்னு கீழ பாப்பேன் மாமா. ஆயிரம் லைட்டு எரியுது. அதுல நம்ம வூடு எதுன்னு தெரியல. அதான் அழுகையா வருது. இந்த மாசத்தோட வேலைய எழுதிக் குடுத்துட்டு வந்துடறேன்" என்றாள்.

பஸ் நகர்ந்துவிட்டது. நான் கூடவே ஓடி, "நம்ம வூடு எதுன்னு நான் காட்டறேன், நீ பாறைக்கு வந்து நில்லு" என்று கத்தினேன். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. டிரைவர் பிரேக் போட்டுக் கும்பிட்டார். நாய் குறுக்கே வந்திருக்கும் என்கிறாள் என் வீட்டுக்காரி பாஞ்சாலி. அவள் அங்கே இல்லை.

ஜனவரி 19

கடத்தூர் டீக்கடையில் அறிவித்துவிட்டேன்: நாற்பது கிலோமீட்டர் பாயும் டார்ச் லைட், சொந்தத் தயாரிப்பு. பழைய சாமான் கடை மாதேஸ், "பாத்து அடிப்பா, ஏரோப்ளேன் எறங்கிடப் போவுது" என்றான். சிரிக்கட்டும். நான் எட்டாவது வரை படித்தவன். அதற்கு மேல் வாத்தியார்களிடம் சரக்கு தீர்ந்துவிட்டது.

ஜனவரி 21

மணி பள்ளிக்கூடத்தில் வாங்கிய அரசாங்க லேப்டாப் செத்துக் கிடந்தது. பேட்டரியை உடைத்தால் உள்ளே ஆறு செல். மூன்றுக்கு உயிர் இருந்தது. மாதேஸ் கடையில் ஃப்யூஸ் போன எல்இடி பல்புகளைப் பொறுக்கி, எரிகிற பொட்டுகளை மட்டும் பெயர்த்தெடுத்து, ஒரு குண்டான் மூடியில் ஒட்டினேன். இருபத்து நாலு பொட்டு. பாஞ்சாலி மூடியைத் தேடிக்கொண்டிருக்கிறாள்.

ஜனவரி 24

நேற்று மாடியில் ஏறி அடித்தேன். தெரு பகலாகிவிட்டது. சேவல் கூவியது — இது நிஜம், அமுதாவைக் கேட்கலாம்.

பாறையில் டவர் கிடைக்காது. மணி காலையில் ஆஸ்பத்திரியிலிருந்துதான் பேசுவாள். "எதுன்னு தெரியல மாமா. எல்லாம் ஒண்ணாவேதான் இருக்குது" என்றாள்.

மலையில் மேகமாம். அப்படித்தான் டீக்கடையில் சொல்லி வைத்திருக்கிறேன்.

ஜனவரி 26, ஞாயிறு

நேற்று லைட்டே அடிக்கவில்லை. சூடு தாங்காமல் பொட்டுகள் மதியமே கருகிவிட்டன. மூடியும் கருப்பு.

இன்று காலை மணி பேசினாள். "நேத்து நல்லாத் தெரிஞ்சுது மாமா. பெரிய நட்சத்திரமாட்டம். இனிமே பயம் இல்ல."

"ஆமாம்மா, நேத்து கொஞ்சம் பலமாத்தான் அடிச்சேன்" என்றேன்.

இந்த வட்டாரத்திலேயே கதை அளக்கிறவன் நான் ஒருவன்தான். எனக்கே அளக்கிறாளே. என் மனசு கோணக் கூடாது என்று அளக்கிறாளே, அந்தப் பிள்ளை. அப்படியென்றால் அங்கே எவ்வளவு இருட்டாக இருக்கும்?

அமுதா வாசலில் நின்று, "தெரிஞ்சுதாமா அண்ணா?" என்றாள்.

தெரிந்ததாம் என்று சொல்லிவிட்டேன்.

ஜனவரி 27

டீக்கடைக்குப் போகவில்லை.

ஜனவரி 30

தப்பு பிடிபட்டது. இருபத்து நாலும் இருபத்து நாலு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தன. ஒன்று போதும். ஆனால் அந்த ஒன்று சரியான இடத்தில் உட்கார வேண்டும்.

மாதேஸ் கடையில் டிராக்டர் ஹெட்லைட் கிண்ணம் ஒன்று கிடைத்தது. நசுங்கிய பைக்கிலிருந்து பனிக்கு அடிக்கிற லைட்டின் பொட்டு. சூடு இறங்க, பழைய ரேடியோ செட்டின் அலுமினியப் பட்டை. "இப்ப எத்தன கிலோமீட்டர்பா?" என்றான். "பாக்கலாம்" என்றேன். அவன் என்னையே பார்த்தான்.

பிப்ரவரி 2, ஞாயிறு

இருட்டியதும் ஏரிக்கரை வேலமரத்தைப் பார்த்து அடித்தேன். முதலில் மொத்தையான வெளிச்சம்தான். திருகைத் திருகி, பொட்டைக் கிண்ணத்துக்குள் இழையளவு தள்ளினேன். சுருங்கியது. இன்னும் ஓர் அரிசி அகலம் —

எப்படி எழுதுவது? வெள்ளைக் கம்பம். ஆகாயத்தில் சாய்த்து நட்ட மாதிரி. அதற்குள் பூச்சியும் தூசியும் நீந்துகின்றன. நான் தினம் மூச்சு விடுகிற காற்றில் இத்தனை பேரா? மரத்தில் அடைந்திருந்த கொக்குகள் எழும்பின. வெளிச்சத்துக்குள் வரும்போது ஒவ்வொன்றும் குபுக்கென்று வெள்ளையாகப் பற்றிக்கொண்டு, அந்தப் பக்கம் போனதும் அணைந்தது.

பாஞ்சாலி கருகிய மூடியோடு வந்தாள். திட்டத்தான் வந்தாள். கொக்கு எல்லாம் போகிறவரை நின்றுவிட்டு, "ஏங்க, இது நீங்க பண்ணதா?" என்றாள்.

எனக்கும் அதே சந்தேகம்.

பிப்ரவரி 3

காலையில் மணியிடம் சொன்னேன். "ஏழு மணிக்குப் பாறைக்கு வா. நான் எத்தன தடவ அணைச்சு அணைச்சுப் போடறனோ, அத்தன தடவ நீயும் செல்போன் லைட்ட போட்டுக் காட்டு."

"எத்தன தடவ மாமா?"

"அத மட்டும் சொல்ல மாட்டேன்."

ஏன் சொல்ல மாட்டேன் என்று அவளுக்குப் புரிந்திருக்கும். "சரிங்க மாமா" என்றாள்.

சாயங்காலம் மாடியில் நானும் அமுதாவும். மலை கருப்பாகப் படுத்திருந்தது. அதன் முதுகோரமாகவே வெளிச்சத்தை நகர்த்தி, ஐந்து தடவை அணைத்துப் போட்டேன். ஒன்றும் இல்லை.

"வந்திருக்க மாட்டா அண்ணா."

கொஞ்சம் இடது பக்கம் தள்ளி மறுபடி ஐந்து.

ஒரு பொட்டு. கடுகைவிடச் சின்னது. வந்தது, போனது. அமுதா வாய்விட்டு எண்ணினாள். ஒண்ணு. ரெண்டு. மூணு. நாலு. அஞ்சு.

நின்றுவிட்டது என்று நினைத்தோம். பிறகு அவளாகவே இரண்டு தடவை போட்டாள். எங்களைக் கேட்கிறாள்! நான் இரண்டு போட்டேன். அமுதா என் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். இந்த இரண்டு கையால், செத்த லேப்டாப்பையும் நசுங்கிய பைக்கையும் வைத்து, ஒரு மலையைப் பேச வைத்திருக்கிறேன். இதில் எதையும் கூட்டிச் சொல்லவில்லை.

பிப்ரவரி 4

மணி பேசினாள். "அத்தன லைட்டுல ஒண்ணு மட்டும் என்னையே பாக்குது மாமா." பழைய நட்சத்திரத்தைப் பற்றி அவளும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

டீக்கடையில் மாதேஸ், "எத்தன கிலோமீட்டர் போச்சாம்?" என்றான்.

"பத்துப் பன்னண்டு இருக்கும். அளந்து பாக்கல."

"என்னா குப்புராஜு, ஒடம்பு சரியில்லயா?"

சாயங்காலம் அவனே வந்து மாடி ஏறினான். மலையிலிருந்து வந்த பதிலை விரல் விட்டு எண்ணிவிட்டுத்தான் இறங்கினான்.

பிப்ரவரி 16, ஞாயிறு

இப்போதெல்லாம் அமுதாதான் லைட் அடிக்கிறாள். நான் கீழே நின்று பார்ப்பதோடு சரி.

இன்று பதில் வந்தபோது மணியின் பொட்டுக்குப் பக்கத்தில் இன்னொன்று. அப்புறம் இன்னொன்று. மலைக்காரர்களும் பாறைக்கு வந்து நிற்கிறார்கள் போலிருக்கிறது. நூறு என்று எழுதத்தான் கை வருகிறது. மொத்தம் நாலு. நாலே போதும்.

நாளைக் காலை மலை பஸ்ஸில் குக்கரும் கம்பளியும் ஏற்றிவிட வேண்டும். மணி கேட்டிருக்கிறாள்.