கை துடைத்த துணி

மேட்டுப்பட்டி, திண்டுக்கல்
9.7.2025

வணக்கத்துக்குரிய ஃபாதர் ஜெரால்டு அவர்களுக்கு,

தம்பின்னு எழுத மனசு வரலை. போன்ல பேசினா அழுதுருவேன், அதான் எழுதுறேன். ஏழாவதோட நின்னவ எழுத்து, பிழை இருந்தா பொறுத்துக்கங்க.

என் மக பிரிஸ்கா கல்யாணத்துக்கு நாள் குறிச்சது யாரு? தவக்காலம் போகட்டும், மே மாசம் எனக்குத் தியானம், ஜூலை ஏழு வச்சுக்கன்னு சொன்னது நீங்கதான். தாய்மாமன் கையாலதான் தாலி மந்திரிச்சுத் தருவார்னு சம்பந்தி வீட்ல பெருமையாச் சொல்லி வச்சேன். பத்தரைப் பூசைக்கு, பதினொன்றேகால் வரை கோயில் வாசல்ல நின்னேன். கடைசியில பங்குச் சாமியாரே வச்சு முடிச்சார். "உங்க தம்பிக்கு ஊர் வேலை அதிகம் போல"ன்னு சம்பந்தியம்மா சிரிச்சாங்க. மில்லுல வேலை பாக்குற பிள்ளைகளைப் படிக்க வைக்கிறேன்னு அவங்க பின்னாடி போனீங்களாமே.

உங்க குருப்பட்டத்தன்னிக்கு எண்ணெய் பூசின கையைத் துடைச்ச துணியை, பெத்தவளுக்குக் கொடுக்குறதை, அம்மா இல்லாததால என்கிட்ட கொடுத்தீங்க. நான் செத்தா பெட்டிக்குள்ள வைக்கணும்னு பீரோவுல பத்திரமா வச்சிருந்தேன். இத்தோட அனுப்பிட்டேன். உங்க பிள்ளைகளுக்குக் கரும்பலகை துடைக்க ஆகும்.

ரூபி


அய்யலூர்
14.7.2025

அன்புள்ள அக்காவுக்கு,

துணி வந்துச்சு. நீ திட்டினது சரிதான்.

நாள் குறிச்சப்ப பத்தாவது துணைத்தேர்வுத் தேதி வரலை. வந்தப்புறமும் பத்தரைக்குள்ள ஓடி வந்துரலாம்னு நினைச்சேன். அது என் தப்பு. நான் படிக்க வைக்கிற மில் பிள்ளை முத்துப்பேச்சிக்கு அன்னைக்குக் கணக்குப் பரீட்சை. மில் விடுதியில விடமாட்டேன்னுட்டாங்க. காலையில அஞ்சு மணிக்கே போய் கேட்டுல உக்காந்தேன். ஒன்பதுக்குத்தான் விட்டாங்க, அவளைத் திரும்ப ஏத்திட்டுப் போகப் பின்னாடியே மில் வேனையும் அனுப்பிட்டாங்க. "நீங்க போயிட்டா பாதியிலேயே இழுத்துட்டுப் போயிருவாங்க ஃபாதர்"ன்னா. ஒன்றேகால் வரை பள்ளிக்கூட வாசல்ல நின்னேன். உனக்குப் போன் பண்ணினா நீ வான்னு சொல்லுவ, நான் கிளம்பிருவேன். அதனால போனை அணைச்சு வச்சேன். அவ இப்ப மில்லுக்குப் போகலை. இங்கே சின்னப் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லித் தர்றா.

உன்னை மில்லுக்கு அனுப்பினப்ப எனக்கு எட்டு வயசு. உன் புத்தகப் பையை எனக்குக் கொடுத்தாங்க. உள்ளே உன் கணக்கு நோட்டு, பாதி எழுதாம கிடந்துச்சு. உன்னைக் கூட்டிட்டு வர யாருமே அந்தக் கேட்டுக்குப் போகலை. அந்தக் கோபத்துலதான் நான் சாமியாரானேன். இதை எந்தப் பிரசங்கத்திலயும் சொன்னதில்லை.

துணியால கரும்பலகை துடைக்க மாட்டேன்.

உன் தம்பி
ஜெரால்டு


திண்டுக்கல்
19.7.2025

ஜெரால்டு,

கடிதம் கிடைச்சது. படிச்சதும் உருகிட்டேன்னு நினைக்காத. கோபம் கூடத்தான் செஞ்சுச்சு.

இம்புட்டு வருஷமா அந்த நோட்டை மனசுல வச்சிருந்திருக்க. எத்தனை வீட்டுக் கதவைத் தட்டிப் பிள்ளைகளைக் கூப்பிட்ட? என் வீட்டுக்கு வந்தா மீன்குழம்பு சாப்பிட்டு, செத்த நேரம் படுத்து எந்திரிச்சுப் போவ. அக்கா, நீ படிக்கிறியான்னு ஒரு தடவை கேட்டியா? நோட்டுக்கு அழுத, அதுல எழுதினவ கண்ணு முன்னாடியே உக்காந்திருந்தாளே.

நீ கேக்க மாட்ட. நானே வாரேன். 27-ந் தேதி ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு பத்து மணி பஸ்ஸுக்கு. பள்ளிக்கூடம் போகாமலே எட்டாவது பரீட்சையை நேரடியா எழுதலாமாம், மாப்பிள்ளை விசாரிச்சுச் சொன்னார். துணி அங்கேயே இருக்கட்டும், பாஸ் பண்ணினப்புறம் வாங்கிக்கிறேன்.

எனக்கு நீ பாடம் எடுக்க வேண்டாம். உன் மூஞ்சியைப் பார்க்க இன்னும் மனசு வரலை. அந்த முத்துப்பேச்சியை எடுக்கச் சொல்லு. அவளுக்காகத்தானே என் பிள்ளை கல்யாணத்தை விட்ட. கணக்கை முதல்ல எடுக்கட்டும்.

ரூபி அக்கா