வடிவேலு பேசியதும் தீக்குழியும்

ஆடி 8, திங்கள்
மதியம் வரை மழை. துணி காயவில்லை.
பேத்தி கமலம் ரப்பர் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். சின்னப் பேரன் சுப்புவுக்குப் பதினாறாம் வாய்ப்பாடு தலைகீழாகவும் வரும். பெரிய பேரன் வடிவேலு ஜோகூர் பாருவில் கிளார்க், இங்கிலீஷ் தண்ணீர் மாதிரி. லீவில் வந்தவன் நேற்று வாசகசாலையில் பேசினான். தோட்டத்து வெள்ளைக்காரத் துரைதான் தலைமை. அவருக்கும் தமிழ் தெரியும்.
தீமிதி மூடத்தனம் என்றான். "காலைச் சுட்டுக்கிட்டா அம்மை போகாது, ஊசி குத்திக்கிட்டாத்தான் போகும்!" ஒரே சிரிப்பு. துரை எழுந்து நின்று கைதட்டினார். நானும்தான். இந்தப் பாலோ ஊரில் இப்படிப் பேச வேறு யார்?

ஆடி 10, புதன்
வெயில். துரை கங்காணியிடம் சொல்லிவிட்டாராம்: இந்த வருஷம் தீமிதிக் குழி வெட்டக்கூடாது, லீவும் கிடையாது. "உங்க படிச்ச பையனே சொல்லிட்டானே."
தோட்டத்துக் கூலிகளின் லயத்திலிருந்து மாரி வந்தான். வடிவேலுவோடு மூன்றாம் வகுப்பு வரை படித்தவன், இப்போது ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறான்.
"பேசக்கூடாதுங்கிறியா மாரி?" என்றான் வடிவேலு.
"பேசு. எங்க லயத்துக்கு வந்து பேசு, நாங்க திருப்பிப் பேசுவோம். துரையைப் பக்கத்துல வச்சிக்கிட்டுப் பேசினா நாங்க யாருகிட்டடா திருப்பிப் பேசுறது?"
 உள்ளேயிருந்து என் மகன், வடிவேலுவின் அப்பன், அவனைப் பார்த்துக் கத்தினான்: "நெத்தியில திருநீறு இல்லாம இனிமே இந்தப் படி ஏறாத!"
வடிவேலு சாயங்கால ரயிலில் போய்விட்டான். தோசை அப்படியே இருந்தது.

ஆடி 12, வெள்ளி
எங்கள் கடையில் ஈ ஓட்டுகிறோம். லயத்து ஜனம் கோபத்தில் சீனன் கடைக்குப் போகிறது.
கமலத்தைக் கேட்டேன், வடிவேலு பேசியது தப்பா?
"இந்த நாட்டுல நாம ஒரு கைப்பிடி ஜனம் பாட்டி. வருஷத்துல லயத்து ஜனத்துக்குன்னு இருக்கிறது அந்த ஒரு நாள்."
"அப்ப வாயை மூடிட்டு இருந்திருக்கணுமா?"
"அதுவும் இல்ல. இன்னிக்கு அவன் வாயைக் கட்டினா நாளைக்கு என் வாயைக் கட்டுவாங்க."
எனக்கு இரண்டும் சரியாகப் பட்டது. தூக்கம்தான் வரவில்லை.
வாங்க: நல்லெண்ணெய், கற்பூரம், சுப்புவுக்குப் பென்சில்.

ஆடி 16, செவ்வாய்
வடிவேலு வந்தானாம்! மாரி சொல்லித்தான் தெரியும். காலை ரயிலில் இறங்கி, மாரியையும் கூட்டிக்கொண்டு நேரே துரை பங்களா.
"என்னடா சொன்னான்?"
"'நான் சொன்னது சொன்னதுதான். ஆனா தீமிதியை என் பேச்சைக் கேட்டு அவங்களா விடணும், நீங்க தடுத்து இல்ல'ன்னான் பாட்டி. துரைக்கு மூஞ்சி சிவந்துபோச்சு. அப்புறம் குழி வெட்ட ஒத்துக்கிட்டாரு. குழிகிட்ட மருந்து போட ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் நிக்கணுமாம், அவ்வளவுதான்."
"தீமிதிக்கு வருவானா?"
"மாட்டானாம். 'இப்பவும் எனக்குப் பிடிக்கல'ங்கிறான். பைத்தியம்!"
"இந்த வழியாத்தானே போயிருப்பான்?"
"ஆமா. உங்க கடை எதிர்ல நின்னான். சீப்பை எடுத்துத் தலை வாரினான். போயிட்டான்."
அப்போது நான் பின்னால் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன்.

ஆடி 21, ஞாயிறு
தீமிதி. நல்ல கூட்டம். பக்கத்து மலாய்க் கம்பத்துக் கிராமத்தார் சைக்கிளில், சீனப் பிள்ளைகள் மரத்தின் மேல். மாரி இறங்கி நடந்தான், கால் நன்றாக இருக்கிறது. டிரஸ்ஸருக்கு வேலையே இல்லை.
வெள்ளைச் சட்டை கண்ட இடமெல்லாம் வடிவேலுதானோ என்று பார்த்தேன். எல்லாம் வேறு பிள்ளைகள்.
மகன் கடைசி ரயில் போகும் வரை கடையைச் சாத்தவில்லை.

ஆடி 22, திங்கள்
தூறல். சுவரில் வடிவேலு படம் பத்து வயதில் எடுத்தது. நெற்றி நிறையத் திருநீறு, நான் பூசியது. அந்த முகம் இப்போது அவனுக்கு இல்லை. கமலம் தபாலாபீஸ் போகிறாள். வடிவேலுவுக்குக் கடுதாசி எழுதிக் கொடுத்தேன்: புதுசாக ஒரு போட்டோ எடு. நெற்றி இருக்கிறபடி இருக்கட்டும். உங்கப்பன் மாட்ட விடாவிட்டால் என் பெட்டிக்குள் வைத்துக்கொள்கிறேன். சீக்கிரம் தபாலில் போடு.