மழையில் மட்டும் ஓடியவர்கள்

என் ஆசை மதினி ராஜேஸுக்கு,

வருகிற மாதம் உனக்கு முதல் திவசம். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள் கடுதாசி எழுதக் கிளம்பிவிட்டாளே என்று அங்கே உட்கார்ந்து சிரிக்காதே. சிரித்தாலும் பரவாயில்லை. நீ சிரிக்காமல் இந்த லயத்து வீட்டு வரிசையில் என் கேலிக்கு மரியாதையே போய்விட்டது. நான் வாயைத் திறந்தால், "பாவம் பாக்கியம், மனசுல உள்ளத மறைக்கப் பேசுது" என்கிறார்கள். இது எனக்குத் தேவையா, சொல்லு.

இதை மற்றவர்களும் வாசிப்பார்கள். அதனால் உனக்குத் தெரிந்ததையும் கொஞ்சம் சொல்வேன். கோபிக்காதே.

நிவித்திகலைப் பக்கம் எங்கள் தோட்டம் ரப்பர்த் தோட்டம். மழை பெய்தால் பால் வெட்டு இல்லை. பட்டை நனைந்தால் பால் சிரட்டைக்கு வராமல் மரம் முழுக்க வழிந்துவிடும். மழைக் காலையில் லயமே போர்வையை இழுத்துப் போர்த்திக்கொள்ளும். நீ மட்டும் நம் இரண்டு வீட்டுக்கும் நடுவில் உள்ள சுவரைத் தட்டுவாய். "மதினி, தகரத்துல சத்தம் கேக்குதா? எந்திரி, ஓடுவோம்."

எல்லாம் அந்தச் சித்திரைப் புத்தாண்டு விளையாட்டுப் போட்டியால் வந்த வினை. பெண்கள் ஓட்டத்தில் நீ முதலாவதாக வந்து ஒரு பிளாஸ்டிக் பேசின் வாங்கினாய். இரண்டாவதாக வந்தவள் கீழ்க் கிராமத்துச் சிங்களக்காரி குசுமா அக்கா. அடுத்த வாரமே அவள் கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு லயத்துக்கு வந்தாள். நம்மை அவள் பாஷையில் நங்கி, தங்கச்சி என்றுதான் கூப்பிடுவாள்.

"நங்கி, ரத்னபுரவுல பெரிய மரதன் ஓட்டம் இருக்கு. நாப்பத்திரண்டு கிலோமீட்டர். பாதி ஓடுறதும் இருக்கு. நாங்க பாதி ஓடுவோம்."

நீ உடனே சொன்னாய்: "பாதி எதுக்கு அக்கா? பாதி வேலைக்கு அரைப்பேருதான் போடுவாங்க. ஓடுறதுன்னா முழுசா ஓடுவோம்."

அரைநாள் சம்பளத்துக்குப் பயந்து முழு மரதனுக்குப் பேர் கொடுத்த ஒரே பொம்பளை நீதான். நான் ஓட வந்தது உடம்புக்காக இல்லை. நீங்கள் இரண்டு பேரும் என்னை விட்டுவிட்டு என்ன பேசிக்கொள்வீர்கள் என்ற பொறாமையில்தான்.

முதல் நாள் நிவித்திகலை ரோட்டில் நாம் ஓடியதைப் பார்த்து பஸ்ஸை நிறுத்திவிட்டான் கொண்டக்டர். "நகின்ன அக்கே, நகின்ன" என்று கத்துகிறான். பஸ்ஸைப் பிடிக்கத்தான் ஓடுகிறோம் என்று நினைத்து ஏறச் சொல்கிறான். நாம் ஏறாமல் பஸ்ஸைத் தாண்டி ஓடியதும் உள்ளே இருந்தவர்கள் எல்லாம் எழுந்து பின்னால் பார்த்தார்கள். மாணிக்கக் குழியில் வேலை செய்கிறவர்கள் வேறு, "மெனிக் ஹம்புனாத அக்கே?" என்பார்கள். மாணிக்கம் கிடைத்துத்தான் தூக்கிக்கொண்டு ஓடுகிறோமாம். "ஆமா, எங்க வீட்டுல ரெண்டு மாணிக்கம் இருக்கு, ஸ்கூலுக்கு அனுப்பணும்" என்று நீ அவர்கள் பாஷையிலேயே திருப்பிச் சொல்வாய்.

அது பொய் இல்லை. ஓடி முடித்த கையோடு பிள்ளைகளுக்கு ரொட்டி தட்டியாக வேண்டும். உன் மகள் தர்ஷிகா மாவைப் பிசைந்து மூடி வைத்திருப்பாள். குசுமா அக்காவின் குழந்தையைத் தொட்டிலில் ஆட்டிக்கொண்டே என் மகன் பிரசாந்துக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பாள். அவன் அவளைவிட இரண்டு வகுப்பு மூத்தவன். வெட்கம் கெட்டவன்.

அதைப் பார்த்துத்தான் நமக்கு அந்த ஆசை வந்தது. பிள்ளைகள் வளர்ந்ததும் இரண்டு பேருக்கும் கல்யாணம் முடித்து வைப்போம் என்று பேசிக்கொண்டோம். நான் தர்ஷிகாவுக்கு அத்தை ஆனேன். உன் வீட்டுக்காரர் எனக்கு அண்ணன், நீ எனக்கு மதினி. ரத்தத்தில் ஒன்றும் இல்லை, ஆனால் முறை வைத்துக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அதுவே நிசமாகிவிட்டது.

நீ போனது மழை இல்லாத ஒரு காலையில். நன்றாக வெட்டிவிட்டு, வாளியோடு பால் நிறுக்கிற கொட்டகைக்கு வந்தாய். "தல ஒரு மாதிரி இருக்கு மதினி" என்றாய். வாளியைக் கீழே வைத்தாய், ஒரு சொட்டுச் சிந்தாமல். பிறகு நீயும் அதன் பக்கத்தில் உட்கார்ந்தாய். அவ்வளவுதான். தலைக்குள் நரம்பு வெடித்துவிட்டது என்றார் டாக்டர். யாருக்கும் எப்போதும் வரலாம் என்றார்.

லயம் அப்படிச் சொல்லவில்லை. "பொம்பளைக்கு எதுக்கு ஓட்டம்? அதான் கொண்டு போயிருச்சு" என்றது. எனக்குக் கேட்கட்டும் என்றே சொன்னார்கள். மதினி, நம் ஓட்டத்தில் நீதான் வழி முழுக்கப் பேசுவாய். பேசிக்கொண்டே ஓடுகிறவளுக்கு நோவு இருக்கும் என்று எப்படித் தெரியும்? முன்னாலேயே வலித்ததா? வலித்தும் சொல்லாமல் ஓடினாயா? இதை யாரிடம் கேட்பது.

அண்ணன் கொழும்புக் கடையில் வேலையை விட முடியாது. அதனால் தர்ஷிகா எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். என் வீட்டுக்காரர் தன் கட்டிலை அவளுக்குக் கொடுத்துவிட்டு வாசல் பக்கம் பாய் போட்டுக்கொண்டார். பிள்ளை அழவில்லை. கேட்டதைச் செய்வாள், கொடுத்ததைத் தின்பாள். எனக்கு அது அழுவதைவிடப் பயமாக இருந்தது.

அந்த மாதம் மழை கொட்டியது. சுவரை யாரும் தட்டவில்லை. நானும் போர்வையை இழுத்துக்கொண்டேன். ஒரு காலையில் அவள் வந்து தலைமாட்டில் நின்றாள்.

"அத்த, மழை பெய்யுது. போகலயா?"

"இனி எங்க போறது. படு பிள்ள."

"மாவு பிசைஞ்சிட்டேன்" என்றாள்.

நான் எழுந்து முகம் கழுவினேன். கீழ் ரோட்டில் குசுமா அக்கா குடை பிடித்து நின்றாள். நீ போனதிலிருந்து ஒவ்வொரு மழைக்கும் வந்து நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறாள். அன்றைக்கு நாங்கள் ஒரு வார்த்தை பேசாமல் ஓடினோம். அதுதான் நான் ஓடியதிலேயே நீளமான ரோடு.

கார்த்திகையில் தர்ஷிகா பெரியவளானாள். அத்தை முறைக்கு முதல் தண்ணி நான்தான் ஊற்றினேன். அண்ணனின் கூடப்பிறந்த அக்கா கேகாலையிலிருந்து சீரோடு வந்திருந்தார். நல்ல மனுசி. எல்லாம் முடிந்த பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"பாக்கியம், ஒன்ன குத்தம் சொல்லல. நீ சோறு போட்ட கைதான். ஆனா நீயும் அவளுக்கு அத்தைங்கிற. அந்த முறைக்கு ஒரு மகனையும் வீட்டுல வச்சிருக்க. வயசுக்கு வந்த பிள்ளைய முறைப்பையன் இருக்கிற வீட்டுல எப்படி விடுறது? எனக்கு இருக்கிறது எல்லாம் பொம்பளப் பிள்ளைங்க. நான் கூட்டிட்டுப் போறேன்."

அவர் சொன்னது நியாயம். நம் ஆசைதான் பிள்ளையை என் வீட்டை விட்டு வெளியே தள்ளியது. மாசியில் லீவு எடுத்து வந்து முடிவு சொல்கிறேன் என்று அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். தர்ஷிகா கதவுக்குப் பின்னால் நின்றாள். அவளிடம் யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை, எந்த முகத்தோடு கேட்பது?

மாசியில் அண்ணன் லீவில் வந்தார், பிள்ளையைக் கேகாலைக்குக் கூட்டிப்போவதாகச் சொன்னார். அதற்கு முந்தின நாள்தான் மரதன். நீ பேர் கொடுத்த மரதன். ஓடாமல் விட்டால் நீ என்னை விடமாட்டாய்.

மதினி, நாம் மூன்று பேரும் பெரிய புத்திசாலிகள். எத்தனை மாதம் பழகினோம்? எல்லாம் மழையில். வெயில் அடித்தால் வெட்டு, மழை பெய்தால் ஓட்டம். மரதன் அன்றைக்கு வெயில் அடித்தால் என்ன செய்வது என்று ஒருத்திக்கும் தோன்றவில்லை. இரத்தினபுரியில் அன்று மேகமே இல்லை. ரோட்டோர ரப்பர் எல்லாம் இலை கொட்டி மொட்டையாக நிற்கிறது. காய்ந்த ரோட்டில் ஓடவே எங்கள் காலுக்குத் தெரியவில்லை. தார் சுட்டது. மூச்சு உள்ளேயே போகவில்லை. பாதியில் நடந்தோம், பிறகு ஓடினோம், பிறகு நடந்தோம். தண்ணி கொடுக்கிற பிள்ளைகள் மேசையை மடித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

முடிகிற இடத்துக்குக் கொஞ்ச தூரம் இருக்கும்போது நான் மதகில் உட்கார்ந்துவிட்டேன்.

"நெகிட்டின்ன நங்கி" என்று கையைப் பிடித்து எழுப்பப் பார்த்தாள் குசுமா அக்கா. "ராஜேஸ் பாக்குது."

"பாக்கட்டும். அவதான் முழுசு கேட்டா. அவளையே வந்து ஓடச் சொல்லு" என்றேன். பகிடிக்குத்தான் சொன்னேன். சொன்னதும் அழுகை வந்துவிட்டது. நீ போனதிலிருந்து நான் அழாத அழுகை. அடுத்த நாள் அண்ணன் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்விடுவார், சுவருக்கு அந்தப் பக்கமும் ஆள் இல்லை, இந்தப் பக்கமும் இல்லை என்று அழுதேன்.

நாங்கள் வராததைப் பார்த்து அண்ணனும் பிரசாந்தும் தர்ஷிகாவும் தேடிக்கொண்டு வந்தார்கள். அண்ணன் எங்களைக் கண்டதும் பயந்து நின்றுவிட்டார். உன்னை நினைத்திருப்பார். உன் மகள் நிற்கவில்லை. என்னை ஒரு பார்வை பார்த்தாள். நேராகப் பக்கத்துத் தேத்தண்ணிக் கடைக்குள் போனாள். இரண்டு கையாலும் ஒரு வாளித் தண்ணியைத் தூக்கிக்கொண்டு வந்து என் தலையில் ஊற்றினாள். மிச்சத்தைக் குசுமா அக்காவுக்கு ஊற்றினாள்.

"மழை வந்திருச்சு சின்னம்மா. எந்திரிங்க, ஓடுங்க."

பிறகு திரும்பி, "அண்ணே, இன்னொரு வாளி கொண்டாங்க" என்றாள்.

பிரசாந்த் யாரைச் சொல்கிறாள் என்று பின்னால் திரும்பிப் பார்த்தான். பின்னால் யாரும் இல்லை. வாளியை வாங்கிக்கொண்டு கடைக்கு ஓடினான்.

நான் எழுந்தேன். சொட்டச் சொட்ட ஓடினோம், எங்களுக்குத் தெரிந்த ஓட்டம் அதுதான். பிள்ளைகள் இரண்டும் வாளியோடு பக்கத்தில் ஓடி வந்து ஊற்றின. முடிகிற இடத்தில் அலங்காரத்தை எல்லாம் அவிழ்த்து லொறியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கடைசியாக வந்தவர்கள் நாங்கள்தான். முழுப்பேர்தான் மதினி, அரைப்பேர் இல்லை.

அண்ணன் அங்கேயே நின்று கேகாலைக்கு ஃபோன் எடுத்தார். "அக்கா, பிள்ள வரல. அவ சின்னம்மா வீட்டுல, அண்ணனோட இருக்கா" என்றார்.

வீட்டுக்கு வந்து தலை துவட்டிவிடும்போது கேட்டேன்: "ஏன்டி திடீர்னு மொறைய மாத்துன?"

"அத்தைன்னா அனுப்பிருவாங்க. சின்னம்மான்னா அனுப்ப மாட்டாங்கதான" என்றாள். பிறகு, "அம்மாவுக்குக் கோவம் வருமா?" என்று கேட்டாள்.

அதைக் கேட்கத்தான் இந்தக் கடுதாசி. நாம் ரோடு முழுக்கப் பேசிய கல்யாணம் இனி இல்லை. அவள் கூப்பிட்ட முறையை என்னால் மாற்ற முடியாது, மாற்றவும் மாட்டேன். முறைப்படி பார்த்தால் உன் வீட்டுக்காரரை நான் இனி அத்தான் என்று கூப்பிட வேண்டும். அது மட்டும் என் வாயில் வராது, அவருக்கும் வேண்டாமாம். அவர் அண்ணனாகவே இருக்கட்டும். லயத்தில் யாராவது முறை கணக்குக் கேட்டால் உன்னிடம் அனுப்பிவைக்கிறேன்.

கோபமா? நீ கோபப்படமாட்டாய் என்று பிள்ளையிடம் சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்காமல்தான் சொன்னேன்.

உன் மகளை அவள் விரும்புகிற மட்டும் படிக்க வைப்பேன். அவள் கல்யாணத்தில் அண்ணன் முறைக்குப் பொரி அள்ளிப்போட என் மகன் நிற்பான். அவளுக்குத் தலை வலித்தால், வலிக்கிறது என்று அவள் சொல்லும் முன்னால் கேட்பேன். இன்றைக்கு விடியும்போது தகரத்தில் சத்தம் கேட்டது. அவள் எனக்கு முன்னால் எழுந்து உன் வீட்டுப் பக்கத்துச் சுவரைத் தட்டினாள். பழைய ஸ்கூல் சப்பாத்தைக் காலில் போட்டிருந்தாள்.

மாவை பிரசாந்த் பிசைகிறான். கல்லாகத்தான் வரும். தின்போம்.

உன் மகளின் சின்னம்மா,
இனிமேல் உனக்குத் தங்கச்சி,
பாக்கியம்