வாகைப்பள்ளத்து மதகை அடைத்த பாடவோலை

குடி தழைக்க, கோல் கோணாதிருக்க. வெண்கோட்டு நாடாளும் மாவேந்தர் திண்டேர்ப் பெருமானின் ஓலைநாயகமும், குடிகளின் விண்ணப்பங்களை அவையேற்றும் பொறுப்புடையோனுமாகிய தாயன் கீரன், கொன்றையூர்ப் பெருங்கல்லூரியின் தலைமைப் பேராசான் மதிவெள்ளியார் திருமுன் பணிந்து விடுக்கும் ஓலை. தங்கள் கல்லூரி வாயிலில் மாணாக்கர் வரவு குறையாதிருக்க. இங்கு யாவரும் நலம் என்று எழுதுவது மரபு, எழுதிவிட்டேன்.

முதற்கண் மகிழ்ச்சிக்குரிய செய்தி. தங்கள் மாணாக்கன் பூதன் எழினிக்கு மாவேந்தர் 'நாவேந்தல்' என்னும் பட்டம் அளித்துள்ளார். அதற்குரிய கணையாழி இவ்வோலையுடன் வருகிறது. இனி வருத்தத்துக்குரிய செய்தி. அதுவும் அவனைப் பற்றியதே.

பிறர் வழக்கை அரசவையின் செவியில் ஏற்றும் பரிந்துரைத் தொழிலைக் கற்பிக்க, வளர்பிறைதோறும் என்னை அழைத்தீர்கள். தங்கள் கல்லூரியில் பழைய வழக்கம் ஒன்று உண்டு. முதற்பாடமாக மாணாக்கன் தன் சொந்த ஊருக்கு எதிராக விண்ணப்பம் எழுத வேண்டும். பற்றறுத்துப் பேசப் பழகுவதற்காம். அதை மெச்சியவர்களில் நானே முதல்வன். எழினி தன் ஊராகிய வாகைப்பள்ளத்துக்கு எதிராக எழுதினான். வயலுக்கு நீர் விடும் ஏரியின் கீழ்மதகை அடைத்தால் ஏரியில் நீர் தங்கும், படகு வணிகரின் சரக்கு ஆண்டு முழுதும் ஓடும் என்றான். குடிகள் அழுவர், அவ்வழுகை ஒரு போகத்தில் அடங்கும் என்றும் எழுதியிருந்தான். மறுப்போர் எடுக்கக்கூடிய ஒவ்வொரு சொல்லுக்கும் அதில் முன்கூட்டியே மறுமொழி இருந்தது. ஊரை அறிந்தவன் அல்லவா, எங்கே அடித்தால் எழ மாட்டார்கள் என்று அறிந்திருந்தான்.

அவ்வோலையைப் பெருமை தாளாமல் அரண்மனைக்கு எடுத்துவந்து அவையில் வாசித்தேன். பாடம் என்பதை முடிவில் சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்தேன். முடிவை எட்டுமுன்னரே மாவேந்தர், இத்தனை தெளிவான விண்ணப்பத்தைத் தாம் கேட்டதில்லை என்று கூறி, மதகை அடைக்கப் பணித்தார். படகு வணிகர் எழுந்து வாழ்த்தினர். வேந்தர் சொல்லை அவை நடுவே திருத்துவதா என்று தயங்கினேன். தயங்கி நிற்கையிலேயே முத்திரையை என் கையில் கொடுத்தார்கள், நானும் இட்டேன். நாற்பது ஆண்டு ஊரார்க்கெல்லாம் பரிந்து பேசிய வாய் அன்றைக்கு அடைத்துக்கொண்டது. வெட்கக்கேடு, வேறென்ன சொல்ல.

கதிர் வாங்கும் பருவத்தில் வாகைப்பள்ளத்து வயல்கள் காய்ந்தன. பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. செய்தி அறிந்த எழினி அரண்மனைக்கு ஓடிவந்து, நாம் கற்பித்த அத்தனையும் கொண்டு தன் ஊருக்காகப் பேசினான். மாவேந்தர் சினக்கவில்லை. அவன் கூறிய ஒவ்வொன்றுக்கும் அவனுடைய ஓலையிலிருந்தே விடையை வாசிக்கச் சொன்னார். வாசித்தவன் நான். அழுகை ஒரு போகத்தில் அடங்கும் என்ற வரி வந்தபோது, அவன் தலைகுனிந்து, தன் தமக்கை ஊரைவிட்டுப் போய்விட்டாள் என்று மட்டும் கூறினான்.

தன்னூரையே வென்ற நா இது என்று மாவேந்தர் வியந்து, பட்டம் அளிக்க விழைந்தார். பட்டத்துக்கு அவனைப் பரிந்துரைப்பவர் யார் என்று அவை கேட்டபோது, இம்முறை நான் தயங்கவில்லை.

அவன் இப்போது வாகைப்பள்ளத்தில் கடப்பாரையோடு இருக்கிறான். வரும் நிறைமதியன்று மதகை உடைப்பேன் என்று ஊரார் முன் சூளுரைத்திருக்கிறான். அரசன் அடைத்த மதகை உடைத்தவனுக்கு வலக்கை துணிக்கும் தண்டம் உண்டு என்பதைத் தாங்கள் அறிவீர்கள். ஆனால் கணையாழி அணிந்தவன் மேல் தண்டம் செல்லாது. அவன் பிழைக்கு அவனைப் பரிந்துரைத்தவனே பொறுப்பு என்பதும் இந்நாட்டு முறை. அம்முறையைத் தங்கள் மாணாக்கருக்கு நான் கற்பித்ததில்லை. இத்தொழிலில் முதலிற் கற்பித்திருக்க வேண்டியது அதுதான்.

ஆகவே கட்டளை இது. ஓலை கண்ட பொழுதே விரைந்த குதிரையில் ஆளனுப்பி, நிறைமதிக்கு முன் கணையாழியை எழினியின் விரலில் ஏற்றுக. அவன் மறுத்தால் ஊரார் கூடிப் பிடித்தேனும் ஏற்றுக. ஏறிய பின் அவன் கடப்பாரையைத் தடுக்க வேண்டா. தன்னூருக்கு எதிராக எழுதும் பாடம் இன்றோடு ஒழிக. இவ்வோலையை எரிக்காமல் வைத்திருந்து, அரசவை கேட்கும் நாளில் காட்டுக.

வேந்தர் முத்திரைக்கு இவ்வோலையில் இடமில்லை. என் சொந்த இலச்சினையை இட்டிருக்கிறேன். நீர் நிற்கட்டும், நிற்க வேண்டிய வயலில்.

கடைசி வரிகளில் எழுத்து கோணியிருந்தால் பொறுத்தருள்க. இடக்கையால் எழுதப் பழகிக்கொண்டிருக்கிறேன்.